சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டவர்கள்

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் மனநலம் பற்றிய ஓர் ஆய்வுக்காக வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். பல வீடுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரியூர் பக்கம் ஒரு தாய், திக்குவாய்க்காகப் பள்ளியில் கேலிக்கு ஆளான மகளுக்கு வீட்டில் அத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு வீட்டை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

கொரோனாவில் பள்ளி மூடியபோது மகளுக்குத் தானே பாடம் நடத்த ஆரம்பித்த அப்பா, பள்ளி திறந்த பிறகும் அவளை அனுப்பவில்லை. பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அவளிடம் கேட்டதற்கெல்லாம் அப்பாவே பதில் சொன்னார்.

“உனக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களாம்மா?”

“அதெல்லாம் வேஸ்ட்டு மேடம். நான்தான் இவளுக்கு ஃப்ரெண்டு. இல்லடி?”

அவள் தலையாட்டினாள். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். “எனக்குத் தெரியாம இன்னா பேசப் போறீங்க?” என்றார். அதற்குள் வாசலில் கேஸ் சிலிண்டர் வரவே எழுந்து போனார். சமையலறையில் நின்றிருந்த அம்மா விறுவிறுவென வந்து மகளின் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். கோடு கோடாகத் தழும்புகள். சில இன்னும் சிவந்திருந்தன.

“கணக்கு தப்பா போட்டா ஒயரால அடிக்கிறாரு. தடுத்தா எனக்கும் வுழுது. இதையும் எழுதிக்கினு போயிடாதீங்க மேடம், எதனா பண்ணுங்க.”

“வுடும்மா, அப்பா வராரு” என்று மகள் கையை இழுத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மறுநாள் அதிகாரிகளோடு நானும் போனேன். அம்மா சொன்ன சொல்லை மாற்றவில்லை. தாயும் மகளும் பையோடு வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் பாய்ந்தாள்.

“படிக்கலன்னு பெத்தவன் ரெண்டு அடி அடிச்சா கேசா? குடும்பத்தப் பிரிச்சிட்டியே!”

“அந்தப் பொண்ணு கத்துனது உங்களுக்குக் கேக்கலையா?”

“கேக்கும். வூட்டு விஷயம், நமக்கு இன்னாத்துக்கு?”

அடித்தவன் மேல் வந்ததைவிட அவள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. பள்ளிக்குப் போயிருந்தால் ஏதாவது ஒரு டீச்சர் அந்தக் கையைப் பார்த்திருப்பார். இங்கே கேட்கக்கூடிய தூரத்தில் இருந்தது இவள் ஒருத்திதான்.

அந்தப் பெண் இப்போது மாமா வீட்டிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போகிறாள். என்னிடமே கவுன்சிலிங்குக்கு வருகிறாள். அப்போது நான் பேனா எடுக்கக் கையை உயர்த்தினால்கூட முகத்தை மூடிக்கொள்கிறாள். போன வாரம் வியப்போடு சொன்னாள்: “தப்பா போட்டா மிஸ்ஸு திருப்பிப் போடுன்னு மட்டுந்தான் சொல்றாங்க.”

வழக்கு நடக்கிறது. கைதாகி ஜாமீனில் வந்த அப்பன் அதே வீட்டில் டியூஷன் எடுக்கிறான். அந்தத் தெருக்காரர்களே பிள்ளைகளை அனுப்புகிறார்கள். கண்டிப்பான வாத்தியாராம். மறுபடியும் புகார் கொடுத்திருக்கிறேன்.