கானில் நட்ட லில்லி

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் மூன்றடி தள்ளி மண்மேடு. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மழைத்தண்ணீர் ஓட ஒரு கான். அந்தக் கானில் வெள்ளை லில்லியை நட்டவன் நான்தான்.

தோட்டத்து ஓடைக்கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் செடி அது. ஒற்றை இதழைக் கூம்பாகச் சுருட்டி, நடுவில் மஞ்சள் திரி வைத்தது போன்ற பூ. காய்ந்த மண்ணில் வாடிவிடும். வேர் எப்போதும் நனைந்திருந்தால் வருடக்கணக்கில் நிற்கும். கிழங்கைப் பிரித்து நாலு விரல் ஆழத்தில் புதைத்தேன். இரண்டு மழைக்காலத்தில் கான் முழுவதும் பரவியது. தேயிலை மலையில் மண் சரியாமலிருக்க மானாப்புல் நடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். லில்லியின் வேரும் அப்படியே மண்ணைப் பிடிக்கும் என்று நம்பினேன்.

அடுத்த வீட்டு அக்கா கொழுந்து பறிப்பவர். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. வீட்டில் அக்காவும் எட்டு வயது மகளும்தான். அவர்களுடைய அடுப்படியின் பின்சுவருக்கு நேரேதான் என் லில்லிகள் மிக அடர்த்தி.

மழைக்கு முன்பு ஒருநாள் அக்கா மம்பட்டியோடு வந்து நின்றார்.

"தம்பி, கானு எங்க? பூவுதான் தெரியுது."

"வேர் மண்ணப் புடிச்சிக்கும்க்கா."

"மேட்டுல நட்டா புடிக்கும். நீங்க தண்ணி போற பாதையில நட்டிருக்கீங்க. பேப்பருக்கு எழுதுறவங்களுக்கு மேடு பள்ளம் தெரியாதா?"

சனிக்கிழமை வெட்டிவிடுவதாகச் சொன்னேன். ஆனால் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு முதல் நற்கருணை, எங்கள் பேச்சில் புதுநன்மை, என்று கோயிலில் அறிவித்தார்கள். அக்காவே மறுபடி வந்தார்.

"புதுநன்மைக்குப் பீடத்துல இந்தப் பூதான் வைக்கணும்னு புள்ள ஒத்தக் கால்ல நிக்குது. அது முடியட்டும் தம்பி, அப்புறம் வெட்டுவோம்."

இருவருமாகத்தான் தள்ளிப்போட்டோம்.

புதுநன்மைக்கு முந்தைய வியாழக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமை மதியமும் விடவில்லை. நான் பிரதேச நிருபர். மண்சரிவு எச்சரிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சரிவில் ஊறும் தண்ணீர் கலங்கினால் வெளியேறுங்கள் என்ற வரியைப் பல மழைக்காலங்களில் எழுதியிருக்கிறேன். அதை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. இவ்வளவு மழையிலும் பின்னால் கானின் சத்தம் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தேன். கான் முடியும் இடத்தில் நூல் அளவு தண்ணீர்தான் விழுந்தது. மிச்சமெல்லாம் லில்லிகளுக்குப் பின்னால் தேங்கி மேட்டின் அடியை நனைத்துக்கொண்டிருந்தது. காலையில் அங்கே தெளிவாக ஊறிய தண்ணீர் இப்போது கலங்கி, பால் விடாத சாயத்தண்ணி நிறத்தில் வந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். மற்ற வீட்டுக்காரர்களோடு மகளையும் கீழ் லயத்துக்கு அனுப்பிவிட்டு மம்பட்டியை எடுத்தார்.

"நான் வெட்டுறேன். நீங்க மேட்டப் பாருங்க."

"நான் வெட்டுறேன்க்கா."

"நீங்க வெட்டுனா புதுநன்மை போயி அவ கல்யாணம் வந்துரும். கண்ண எடுக்காம பாருங்க."

பார்த்தேன். மேட்டின் உச்சியில் ஒரு தேயிலைச் செடி. அது அசைந்தால் கத்த வேண்டும். கிழங்குகள் சந்து விடாமல் ஒன்றையொன்று கவ்வியிருந்தன. வெட்டிய இடத்தில் வடிந்த சாறு பட்டு அக்காவின் கை தடித்துச் சிவந்தது. பாதியில் மம்பட்டியை நான் வாங்கினேன். அவர் மேட்டைப் பார்த்தார். கடைசிக் கிழங்கு பெயர்ந்ததும் தேங்கிய தண்ணீர் என் முழங்காலை இடித்துக்கொண்டு ஓடியது. கான் சத்தம் போட்டது.

"செடி அசையுது, வாங்க வெளியில!" அக்கா கத்தினார்.

மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். லயத்தின் முன்பக்கம் வந்து நின்றபோது பின்னால் ஒரு சத்தம். மூட்டையை இறக்கி வைத்தது போல, பெரிதாக ஒன்றுமில்லை.

சிறிது நேரம் கழித்து ஓரமாக நின்று எட்டிப் பார்த்தோம். அந்தத் தேயிலைச் செடி கீழே கிடந்தது. அதோடு வந்த மண், நாங்கள் காலி செய்த கானை நிரப்பிவிட்டு அடுப்படிச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது. கான் காலியாக இல்லாவிட்டால் அந்த மண்ணுக்கு அடுப்படியைத் தவிர வேறு இடமில்லை.

அன்று எல்லோரும் கீழ் லயத்தில் தங்கினோம். மறுநாள் காலை, வெட்டி எறிந்த குவியலில் உடையாத பூக்களை அக்கா பொறுக்கி, மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் கழுவிக் கோயிலுக்குக் கொண்டுபோனார். பீடத்தில் வைத்த பூ ஒன்றின் உட்பக்கம் மண் இருந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

பூசை முடிந்து வரும்போது, கிழங்குகளைப் பீலிக்குக் கீழே, சுவர் எதுவும் இல்லாத சதுப்பில் நடப்போவதாகச் சொன்னேன்.

"நடுங்க. மொதல்ல கான வெட்டுங்க," என்றார் அக்கா.

மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தபின் வெட்டினேன். அக்கா மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.