நெட்டை, குட்டை, கலப்பு

அண்ணி எதைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்ப்பது அதன் அடியைத்தான். வெங்காயத்தாள் வாங்கி வந்தால், கழுவுவதற்கு முன் ஒரு தாளைப் பிடித்து, அது தண்டை விட்டு விலகும் இடத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து மெல்ல மடக்கி உள்ளே எட்டிப் பார்ப்பாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் பார்த்து, ஏதோ ஒத்துக்கொண்டதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத்தான் கத்தியை எடுப்பாள். ஒருநாள் என் சட்டைக் காலரையே அப்படி மடக்கிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, நான் எந்த ஜாதிப் புல்லு?"

"அழுக்கு ஜாதி. கழட்டிப் போடுங்க கொழுந்தனாரே, ஊற வைக்கணும்."

கழிமுகத்துச் சேற்றில் முளைக்கும் உப்புப்புல்லை இனம் பிரித்துச் சொல்வது அவள் வேலை. அந்தச் சேற்றில் ஆதியிலிருந்து நின்றது ஒரு குட்டைப்புல். கரை அரிக்கிறது என்று எப்போதோ ஒரு பொறியாளர் வேற்றுக் கடற்கரையிலிருந்து நெட்டைப்புல்லைக் கொண்டுவந்து நட்டுவிட்டார். ஒன்றுவிட்ட அக்கா தங்கைபோல இருந்த இரண்டும் காற்றில் மகரந்தம் மாற்றிக்கொண்டன. பிறந்த கலப்பு, பெற்ற இரண்டையுமே விழுங்கியது. ஓடைகள் அடைபட்டன. நண்டு வளைகள் மூடின. இரை தேடி வரும் பறவைகளுக்குக் கால் ஊன்றச் சேறு இல்லை. அதனால் கலப்புப்புல்லை மருந்தடித்துக் கொன்றுவிட்டு, அங்கே குட்டையை மறுபடி நடுவது என்று அலுவலகம் தீர்மானித்தது. எதற்கு அடிப்பது, எதை விடுவது என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அது அண்ணியின் கண்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். வாய் சும்மா இருக்காது. இருவரும் வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்கள். அண்ணியின் அப்பா இன்றுவரை எங்கள் படியேறியதில்லை. "நம்ம வீட்லயும் கலப்புதான்டி. ஒருநாள் ஒங்க ஆபீஸ் ஆளு முதுகுல மருந்து டப்பாவ மாட்டிக்கிட்டு வந்து நின்னா எங்க ஓடுறது?" என்பான். அண்ணி சிரிப்பாள். சில நாள் சிரிக்க மாட்டாள்.

கழிமுகம் முழுக்கத் தேடியும் சந்தேகமே இல்லாத குட்டை ஒரே இடத்தில்தான் மிஞ்சியிருந்தது. கரைச் சாலை வளையும் இடத்தில், சாலைக்குக் கீழே, ஒரு கூடம் அளவுக்கு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் அண்ணிதான் அதைக் கண்டுபிடித்தாள். அலுவலகத்தில் அதற்குத் தாய்த்திட்டு என்று பெயர். சுத்தம் செய்த சேற்றிலெல்லாம் நடுவதற்கு நாற்று அங்கிருந்துதான் வரவேண்டும். அது போனால் நடுவதற்கு எதுவும் இல்லை.

சில வருஷம் கழித்துத் தாய்த்திட்டு உயர ஆரம்பித்தது.

"என்னடி, சோத்துல கைய வச்சுக்கிட்டு எங்க பாக்குற?"

"வளருதுங்க."

"வளந்தா நல்லதுதான?"

"குட்டை வளரக் கூடாதுங்க."

இலையைக் கிள்ளித் தொலைதூரப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வர எத்தனை மாதமாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்குள் புல் பூத்துவிடும். கலப்பு என்றால், அந்த ஒரு பூப்பில் சுத்தம் செய்த கழிமுகம் முழுவதும் மறுபடி விதை விழுந்துவிடும். அலுவலகத்தின் விதி ஒரே வரி: சந்தேகம் என்றால் மருந்து.

முடிவு சொல்ல வேண்டிய காலையில் நானும் போனேன். "புத்தகத்த மூடிட்டு அவ கூடப் போ. தனியா விடாத" என்று அண்ணன் சொல்லியிருந்தான். நான் சாலையோரத்திலேயே நின்றுகொண்டேன். கீழே முழங்கால் சேற்றில் அண்ணி, மேற்பார்வையாளர், மருந்தடிக்கும் ஆள். அடித்த இடம் தெரிவதற்காக மருந்தில் நீலச் சாயம் கலப்பார்கள். அது விரலிடுக்குகளில் ஏறி, கழுவினாலும் போகாமல் நின்றுவிட்டதால் அந்த ஆளுக்கு நீலக்கை என்று பெயர்.

அண்ணி ஒரு தண்டை விரலிடையில் வைத்து உருட்டினாள். பருமன். அடியைப் பிரித்தாள். குட்டைக்கு அடி வெளுத்திருக்க வேண்டும். இது வெளுப்பும் இல்லை, கலப்புக்கு வரும் சிவப்பும் இல்லை. இலை விலகும் இடத்து மயிர் வரிசை குட்டைக்கு உரியது. உயரம் கலப்புக்கு உரியது. ஒன்றை விட்டு இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தாள். நீலக்கை சேற்றில் கால் மாற்றி மாற்றி நின்றான்.

"யக்கா, மூஞ்சியப் பாத்து மாப்பிள்ளைக்குச் சரி சொல்றதுக்கே இவ்ளோ நேரம் ஆகாதுக்கா."

"சும்மா இருய்யா" என்றார் மேற்பார்வையாளர். பிறகு குரலைத் தணித்து, "என்னம்மா?"

"தெரியல சார்."

"நீ தெரியலன்னு சொன்னா கலப்புதான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நான் விட்டுரலாம்தான். நாளைக்கு அத்தனையும் மொளச்சு வந்துச்சுன்னா? இவ்ளோ வருஷமா நாம அடிச்சதெல்லாம் எதுக்கு? நீ சொல்லு. குட்டைன்னு ஒரு வார்த்த சொல்லு, திரும்பிப் போயிடுறோம்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. என்னையல்ல, எனக்குப் பின்னால் சாலையில் போன லாரியைத்தான் பார்த்திருக்கிறாள். லாரியின் சத்தம் அடங்கிய பிறகு, "அடிங்க" என்றாள்.

நீலக்கை சிரிக்காமல் வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான். முதலில் நுனிகள் நீலமாயின. பிறகு இலைகள். பிறகு சேறு. பகல் வெளிச்சத்தில் அப்படி ஒரு நீலம் அங்கே இருக்கக் கூடாது.

பரிசோதனைக் கூடத்துப் பதில் வந்தபோது தாய்த்திட்டு வைக்கோலாகி, அலையில் பாதி போய்விட்டிருந்தது. அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"குட்டையாம்" என்றாள். "சுத்தமான குட்டையாம்."

அண்ணன் எழுந்து அடுக்களைக்குப் போனான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அவள் டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் அண்ணி வளந்துச்சு?" என்று நான்தான் கேட்டேன்.

"நல்ல தண்ணி கெடச்சா குட்டையும் நெட்டை மாதிரிதான் நிக்கும். உப்புதான் அத அமுக்கி வச்சிருக்கு. ஆனா அங்க ஏதுப்பா நல்ல தண்ணி? மேல ரோடு, கீழ கடல்."

"ஒன் மேல தப்பில்லடி. விதி அப்படி" என்றான் அண்ணன்.

"விதிய விடுங்க. என் கண்ணு அங்கதான இருந்துச்சு."

அதன் பிறகு அவளால் எதையும் பிரிக்க முடியவில்லை. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடக்கூடிய நெட்டையைக் காட்டினாலும் "தெரியல சார்" என்றாள். சந்தேகம் என்றால் மருந்து. கழிமுகத்தில் கண்டதெல்லாம் நீலமானது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அதட்டாமல் அவளைச் சாமான் அறைக்கு மாற்றினார். காலையில் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும், மாலையில் வாங்கி வைக்க வேண்டும். "இடது வலது பாத்துக் குடுக்கிற வேல. அதுல தப்பு வராது" என்றாள் என்னிடம். அதுவும் வந்தது. ஒருநாள் நீலக்கை இரண்டு இடது பூட்ஸோடு திரும்பி வந்து, ஒன்றை மாற்றிக்கொண்டு போனானாம்.

தாய்த்திட்டு இருந்த இடத்தில் எங்கிருந்தோ மிதந்து வந்த விதை விழுந்தது. இப்போது அங்கே ஆள் உயரத்துக்குக் கலப்பு நிற்கிறது. நடுவதற்கு நாற்று இல்லாததால் மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். ஓடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன.

போன மாதம் அந்தக் கரைச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான் வந்த பஸ் வளைவுக்கு முன்பே எல்லோரையும் இறக்கிவிட்டது. பள்ளத்துக்குள் குடிநீர் வாரியத்து ஆள் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அறிமுகமில்லாதவர்களிடம் பேச்சு வராது. அன்று கேட்டேன்.

"மெயின் லைன் சார். உள்ளயே கீறல் விட்டிருக்கு. மேல ஈரமே காட்டல பாருங்க, அதான் எங்களுக்குத் தெரியல. துருவப் பாத்தா ரொம்ப வருஷமாயிருக்கும். அத்தனையும் இந்த வளைவுக்குக் கீழதான் எறங்கியிருக்கு" என்றார். "குடிக்கிற தண்ணி சார்."