நீல மையில் எழுதிய கடைசி நாட்கள்

எட்டாம் வகுப்போடு நாகரசம்பட்டியை விட்டுக் கிளம்பியவன் நான். மாங்காய் லாரியில் கிளீனர், கல் குவாரி, பெங்களூரில் ஓட்டல் என்று சுற்றிவிட்டுத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஓர் அச்சகத்தில் ஒதுங்கினேன். ஈய எழுத்துக்களைக் கோர்க்கும் வேலை. அதுவரை படித்ததை எல்லாம் கூட்டினாலும் அங்கே கோர்த்ததில் பாதி வராது.

ஒருநாள் பாஸ்டர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வார நாட்களில் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுவார். ஞாயிறு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பிரசங்கம் செய்வார்.

“கதைங்களா?” என்றேன்.

“கதைதான் தம்பி. ஆனா உள்ள இருக்கிறது நெஜம்.”

பைபிளின் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கும் உலக முடிவை அவர் ஓசூருக்குக் கொண்டுவந்திருந்தார். நிலா ரத்தமாகிறது. பத்துக் கொம்பு மிருகம் ஒன்று உலகை ஆள வருகிறது; வலது கையில் அதன் முத்திரையை வாங்கியவர்களுக்கு மீட்பே இல்லை. மிருகத்தின் அதிகாரி ஒருவன் கம்பெனி கேட்டில் உட்கார்ந்து, எல்லாருக்கும் எண் போட்ட அட்டை கொடுக்கிறான். ஒரு பெண் மட்டும் அதை வாங்க மறுத்து, வேப்பனப்பள்ளி மாந்தோப்பில் போய் ஒளிந்துகொள்கிறாள்.

எனக்குச் சாமி விஷயம் அதிகம் தெரியாது. ஆனால் கேள்வி வந்தால் அடக்க முடியாது.

“பைபிள்ல ஓசூர் இருக்குதுங்களா?”

“இல்ல. உலகம்னா ஓசூரும் சேர்ந்ததுதானே?”

அச்சகத்துக்கு அடுத்தது வீடியோ கேம் கடை. ஷிப்ட் முடிந்த அப்ரண்டிஸ்கள் அங்கேதான் கிடப்பார்கள். பாஸ்டர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

“பைபிள்ல ஒண்ணொண்ணா ஒடையிற ஏழு முத்திரை, ஏழு ஸ்டேஜ். இப்பிடி ஒண்ணு செஞ்சா வசனம் மனசுல நிக்கும் தம்பி.”

“ஆடறவன் தோத்துட்டா?”

“முதல்ல இருந்து ஆட வேண்டியதுதான்.”

“கடைசி நாளு ரெண்டாந்தடவை வருமாங்க?”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓர் அப்ரண்டிஸ் கேட்டான்: “சார், அந்த மிருகமா ஆடறதுக்கு உடுவீங்களா? அதுக்குத்தான் பத்துக் கொம்பாமே!”

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்துவிட்டு, “அதான்டா பயமா இருக்குது” என்றார்.

அவர் நோட்டில் பைபிளில் உள்ளதெல்லாம் சிவப்பு மை, அவருடைய கற்பனையெல்லாம் நீல மை. எங்களிடமோ அச்சுக்குக் கறுப்பு ஒன்றுதான். சிவப்பு வரிகளைத் தடித்த எழுத்தில் கோர்க்கப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்திலேயே தடித்த எழுத்து தீர்ந்துபோனது. “எல்லாத்தையும் ஒண்ணாவே கோருப்பா, யாரு பாக்கப் போறா?” என்றார் முதலாளி. கோர்த்தேன். பாஸ்டருக்கு அந்த வாரம் இரண்டு ஷிப்ட். ப்ரூஃப் பார்க்க வரவில்லை.

புத்தகம் வெளிவந்த சில வாரங்களில் நான் குடியிருந்த லைன் வீட்டு வரிசையில் சத்தம் கேட்டது. மூன்று கதவு தள்ளி உத்தனப்பள்ளிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். பாஸ்டரின் சபைக்குப் போகிறவள். ஒயர் வெட்டும் கம்பெனியில் நாலு வருஷமாக ஒப்பந்தக் கூலி. அவள் கணவனுக்குக் குவாரியில் ஒரு கால் போய்விட்டது. அவள் கையால்தான் சோறு. அந்த மாதம் வேலை நிரந்தரமானது; கழுத்தில் மாட்ட எண் போட்ட அட்டை கொடுத்தார்கள். அவள் வாங்க மறுத்துவிட்டாள். சனிக்கிழமை முதல் ஷிப்டுக்குள் வாங்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அவள் கணவன் என்னைப் பிடித்துக்கொண்டான். “ஏம்ப்பா, நீ அடிச்ச புக்கைப் படிச்சுட்டு இவ மாந்தோப்புக்குப் போறாளாம். நான் எப்பிடி ஓடறது, ஒத்தைக் காலுல?”

“வேலை போவட்டும். ஆத்துமா போவக் கூடாது,” என்றாள் அவள், உள்ளே இருந்து.

சனிக்கிழமை விடிந்ததும் பாஸ்டரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவர் நோட்டை விரித்து அவள் முன்னால் வைத்து, எந்த மை எதற்கு என்று சொன்னார். அவள் விரல் வைத்துத் தேடினாள்.

“அட்டை?”

“நீல மைதாம்மா.”

“கேட்டுல உக்காந்திருக்கிற ஆபீசரு?”

“அவனும் நீலந்தான்.”

“வலது கையில முத்திரை?”

பாஸ்டர் குனிந்து பார்த்தார். “அது சிவப்பு.”

“அப்ப பொய்யி எழுதினீங்களா பாஸ்டரய்யா?”

“பொய் இல்லம்மா, கதை.”

“கதைன்னா எனக்குத் தெரியாதா? சினிமாவுக்குப் போனா சினிமான்னு தெரியுது. இதுல ஆண்டவர் சொன்னதும் நீங்க சொன்னதும் ஒரே மாதிரி நிக்குது.”

“நாந்தான் ஒண்ணாக் கோத்தேன்,” என்றேன்.

பாஸ்டர் தலையசைத்தார். “உன் தப்பு மட்டும் இல்ல தம்பி. எழுதும்போது எனக்கே சில எடத்துல எந்தப் பேனாவை எடுக்கறதுன்னு தெரியல.”

அதைக் கேட்ட பிறகுதான் அவள் எழுந்தாள். அவர் எல்லாம் சரி என்று சாதித்திருந்தால் எழுந்திருப்பாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. முடிவு வரும் என்று நம்புகிறவர் அதைக் கதையாக்கலாமா, ஆட்டமாக்கலாமா என்று பிறகு பலரிடம் கேட்டிருக்கிறேன். யாரும் அவரைப் போல நேராகப் பதில் சொன்னதில்லை.

கம்பெனி கேட் வரை நாங்களும் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கன்னடக்காரக் கிளார்க் அட்டையை நீட்டினார். அவள் வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

“ஏனம்மா, எடது கையிலயா வாங்கறது? சோத்துக் கையை நீட்டம்மா!”

“இதுலயே குடுங்க சார்.”

அவளுக்கு அடிபட்டிருக்கிறதோ என்று அவர் எட்டிப் பார்த்தார். சங்கு ஊதியது. கிளார்க் அலுத்துக்கொண்டு இடது கையிலேயே அட்டையைப் போட்டார். அவள் அதை நுனி விரலால் பிடித்தபடி, பெண்கள் வரிசையில் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.