அவள் சொன்ன சாட்சி

என் மகனுக்கு நான்கு வயதில் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வார்டுக்கு வெளியே கைகழுவும் இடத்தில் நின்று, முருகா முருகா என்றுகொண்டிருந்தேன். வேறு வார்த்தை வரவில்லை. அப்போது என் உச்சந்தலையில் யாரோ கை வைத்தார்கள். கனமான, வெதுவெதுப்பான கை. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. மறுநாள் அணுக்கள் ஏறின. இரண்டு நாள் கழித்து அவனை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

அதன்பிறகு, சாமி இருக்கிறதா என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில், செக்கிங் மேஜையில் ஓட்டையும் கறையும் பார்த்தபடியே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். "கண்ணுல பாக்கலீங்க. ஆனா தொட்டுச்சுங்க" என்று முடிப்பேன். கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

எனக்கு எதிரில் நின்று வேலை பார்த்தவள், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவனோடு பிழைக்க வந்த கிறிஸ்தவப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். கலகலப்பாகப் பேசுவாள், இந்தக் கதையை நான் எடுத்தால் மட்டும் குனிந்துகொள்வாள். வேறு சாமி என்பதால் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், கணவன் சீக்காகிக் கிடந்த ஒருத்திக்குத் தைரியம் சொல்ல அதே கதையைச் சொன்னேன். இவள் பாதிச் சோற்றோடு எழுந்து போனாள். பின்னாலேயே போனேன்.

"ஏங் கண்ணு, நான் ஏதும் தப்பாச் சொல்லிப்போட்டனா?"

"இல்லக்கா" என்றாள். குழாயைத் திறந்து டிபன் பாக்ஸைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு, "எனக்கும் தலையில கை வச்சாருக்கா. நீங்க சொல்லுத அதே மாதிரி. எம்மவளுக்கு மூளைக்காய்ச்சல். ஆறு வயசு. இனி பயமில்லன்னு நெனச்சேன். மறுநா காலைல போயிட்டா" என்றாள்.

குழாயை மூடினாள்.

"நா யார்ட்டயும் சொன்னதில்லக்கா. சொன்னா, பிள்ள பொழச்சுதான்னுதான் கேப்பாவ."

விதி என்றோ, ஆண்டவன் கணக்கு என்றோ சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதையெல்லாம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "பாப்பா பேரு என்னங் கண்ணு?" என்று மட்டும் கேட்டேன். சொன்னாள். அதன்பின் அந்தக் கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் மகளின் நினைவு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கணவன் ஊருக்குப் போயிருந்ததால் ஜெபக்கூட்டத்துக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். தகர ஷெட் போட்ட சின்னச் சபை. பாட்டு முடிந்ததும், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்றார் போதகர். ஒருவர் வேலை கிடைத்ததைச் சொன்னார். ஒரு பெண் கட்டி கரைந்ததைச் சொன்னாள். ஒவ்வொருவர் முடித்ததும் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

இவள் எழுந்தாள்.

"எம்பிள்ள போறதுக்கு முந்தின நாள் எந்தலையில ஒரு கை இருந்துச்சு. அது பொய்யில்ல. எதுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் பைபிளை மூடி வைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது.

நான் இன்றும் கோயிலுக்குப் போகிறேன். என்னைத் தொட்டது சாமிதான் என்று இன்றும் நம்புகிறேன். அப்படியானால் அவளைத் தொட்டது யார் என்று சன்னதியில் நின்று கேட்கிறேன்.

அன்று சபையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழகிய இத்தனை காலத்தில் முதன்முறையாக என் மகனைப் பற்றிக் கேட்டாள்.

"ஒங்க மவன் இப்ப என்ன படிக்கான்க்கா?"

"மூணாவது" என்றேன்.

"நல்லாப் படிக்கட்டும்" என்று சொல்லி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.