ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

பிள்ளைகளே, நான் வேலை செய்யும் வீட்டுக் கராஜில், குளிர்காலம் முடியும்வரை இருக்கட்டும் என்று அவர்களுடைய சின்னப் பாய்ப்படகை நேற்றுக் கூரையோடு தூக்கிக் கட்டினேன். வீட்டுக்கார அம்மா, சின்யோரா, தொங்கிய கயிற்று நுனியைச் சும்மா இழுக்க, முடிச்சு அவிழ்ந்து படகின் மூக்கு கீழே இறங்கிவிட்டது. "என்ன கட்டு இது, மே மாதம்வரை நிற்க வேண்டாமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. நனைந்த கயிறு மட்டும் மணத்தது.

மன்னார்க் கரையில் எங்கள் மீன்வாடியும் அப்படித்தான் மணக்கும். இன்று அந்த இடத்தில் ஒன்றுமில்லை. மாரியில் அப்பா வள்ளத்தை அந்த ஓலைக் கொட்டிலின் கூரை வளையில் தூக்கிக் கட்டுவார், அதற்குக் கீழே இருந்து நாங்கள் சாப்பிடுவோம், மேலிருந்து மணல் சோற்றில் உதிரும், "வள்ளத்துக்கும் ஒரு கோப்பை சோறு வைக்கட்டோ?" என்று அம்மா நக்கலடிப்பார், அப்பா முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார். அது சண்டைக்காலம், ஷெல்லடி தொடங்கினால் நாங்கள் தப்பிப்போக அந்த வள்ளம்தான் இருந்தது. அதனால் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்.

ஷெல்லடி தொடங்கிய அன்று கடலில் போர்க்கப்பல்கள் நின்றன. "இழுக்கட்டோ அப்பா?" என்று கயிற்றைப் பிடித்தபடி கேட்டேன்.

"வேண்டாம் தம்பி, நடப்பம். நாங்கள் திரும்பி வருமட்டும் இது நிக்கட்டும்" என்றவர், அவிழாதபடி இன்னொரு முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.