அண்ணன் அடைத்த ஓட்டை

எங்கள் அண்ணனைத் தெருவில் 'சைலன்சர்' என்று கேட்டால்தான் காட்டுவார்கள். வண்டிகளின் புகைக்குழாய் வேலையைத் தவிர வேறு எதையும் அவன் தொடமாட்டான். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால் எதிர்க்கடையைக் கை காட்டிவிடுவான். வாய் மட்டும் ஓயாது. "ஊர் வண்டிச் சத்தத்தையெல்லாம் அடைக்கிறாரு. இவருக்கு மாட்டத்தான் ஒரு சைலன்சர் கிடைக்கல" என்பாள் அண்ணி.

கண்ணைவிடக் காதை நம்புகிற ஆள் அவன். புகைக்குழாயில் ஒழுக்கு என்று வருகிற வண்டியை ராத்திரி கடையிலேயே விட்டுப் போகச் சொல்வான். காலையில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் 'டப் டப்' என்று அந்தச் சத்தம் வரும். சூடானதும் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ள, சத்தம் ஒளிந்துகொள்ளும். அதற்குள் அவன் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, இங்கே என்று விரலை வைத்துவிடுவான். சத்தம் நின்றால் ஒழுக்கு நின்றது. இதுதான் அவன் படிப்பு, பரீட்சை, பட்டம் எல்லாம்.

அக்கா எங்கள் இருவருக்கும் மூத்தவள். அவள் கணவரிடம், அதாவது எங்கள் மாமாவிடம், ஒரு பழைய கார் உண்டு. எஞ்சின் பின்பக்கம்; தண்ணீர் கிடையாது, காற்றிலேயே குளிர்கிற எஞ்சின். உள்ளே உட்காருகிறவர்களுக்குக் கதகதப்பு வர ஒரு ஏற்பாடு செய்திருப்பார்கள். கொதிக்கிற புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகர உறை. குழாய்க்கும் உறைக்கும் நடுவில் எஞ்சின் விசிறிக் காற்று ஓடி, சூடேறி, கால்மாட்டுக்கு வரும். ஹீட்டர் பெட்டி என்று கடையில் சொல்வார்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அந்தந்தப் பெட்டிக் காற்று அந்தந்தப் பக்கத்து ஆளுக்கு.

குளிர் தொடங்கும் முன் அந்தக் காரில் சத்தம் வந்தது. அக்கா உட்காரும் பக்கத்துப் பெட்டியை அண்ணன் கழற்றினான். உறை துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தது. புதுத் தகரம் வெட்டி, வளைத்து, விளிம்பெல்லாம் வெல்டு வைத்து, சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தான். மிஷினில் தைத்த தையல்போல இருந்தது அந்த வெல்டு. மறுநாள் ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் பூனைபோல மெல்ல உறுமியது. அண்ணன் அந்தப் பெட்டியைப் படமெடுத்துத் தன் போனில் முகப்பாக வைத்துக்கொண்டான்.

"பெத்த புள்ள போட்டோவ எடுத்துட்டுத் தகரப் பெட்டிய வச்சிருக்காரு. கேளுங்க இவர" என்றாள் அண்ணி.

"புள்ள உங்க அம்மா ஜாடை. பெட்டி முழுக்க முழுக்க என் ஜாடை" என்றான்.

அக்காவுக்குத் தலைவலி ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மருந்துக்கடையில், டாக்டர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. காலையில் மாமா காரில் கொண்டுபோய் விடுவார். காலையில் கவுன்ட்டருக்கு வரும்போதே தலை கனக்கும், எழுத்து மிதக்கும். மதியத்துக்குள் தெளிந்துவிடும். கண்ணைச் சோதித்தார்கள், ரத்தத்தைச் சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒருநாள் சின்னக் குழந்தைக்குப் பெரியவர்கள் சாப்பிடுகிற வீரியத்தில் மருந்தை எடுத்து நீட்டிவிட்டாள். குழந்தையின் அப்பா சீட்டோடு ஒத்துப் பார்த்ததால் தப்பியது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. "எனக்கு வயசாகுது. ஒரு உசுரு போறதுக்கு முன்னாடி நான் இந்த வேலைய விட்டுப் போயிடறேன்" என்றாள். மேலாளர் நல்ல மனிதர். வாரக் கடைசி வரை யோசித்துச் சொல்லுங்கள் என்றிருந்தார்.

அந்த வாரத்தில்தான் எனக்கு முதல் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பேச்சை எடுத்தால் நிறுத்தமாட்டேன், ஆகவே விட்டுவிடுகிறேன். ஆபீஸ் அக்காவின் கடையைத் தாண்டி என்பதால் மாமா காரிலேயே கிளம்பினேன். பேன்ட் கசங்கக் கூடாது என்று முன் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு அக்கா பின்னால் உட்கார்ந்தாள். குளிருக்குப் பயந்து கண்ணாடியை இறுக ஏற்றினேன். மாமா வழக்கம்போலத் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே நீட்டியிருந்தார்.

ஆபீஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் ஏறவில்லை. நெற்றிப்பொட்டு தெறித்தது. முதல் நாள் பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா கேட்ட முதல் கேள்வி வேலையைப் பற்றியது அல்ல. "காலைல உனக்குத் தல வலிச்சுதா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"எனக்கு இன்னிக்கி வலிக்கல."

நேரே அண்ணன் கடைக்கு நடந்தாள். நானும் போனேன்.

"அந்தக் கார்ல முன் சீட்டு எனக்கு ஆகலடா" என்றாள்.

"பெயின்ட் வேகுற வாசனைக்கா. புதுசுல அப்படித்தான் இருக்கும்."

"குளிர் முடியப்போகுது. இன்னுமா வேகுது?"

"என் வெல்டுல ஓட்டை இருந்தா இந்தக் கடைய இழுத்து மூடிட்டு உங்க வீட்டுல வந்து பாத்திரம் தேய்க்கிறேன்."

"நீ தேய்ச்சா நான் திரும்பத் தேய்க்கணும். ஓட்டை இருக்குன்னு நான் சொல்லல. முன்னாடி அந்த உறை சல்லடையா இருந்துச்சுன்ன. அப்ப எனக்குத் தலவலி இல்ல. நீ அடைச்சதுக்கப்புறம் வருது. அப்ப வெளிய போயிட்டிருந்தது இப்ப எங்கடா போகுது?"

அண்ணன் போனை எடுத்து, காரைக் கொண்டுவரச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டான்.

கார் அன்றே கடைக்கு வந்துவிட்டது. காலையில் அண்ணன் ஸ்டார்ட் செய்யவில்லை. காதுக்கு வேலை கொடுக்கவில்லை. சைலன்சர் வாயில் துணி சுற்றி, ப்ளோயர் வைத்துக் காற்றை உள்ளே ஊதினான். வெளி விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் பூசினான். ஒரு குமிழி இல்லை. மாமா பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மாமா" என்றான், குரலில் சுரத்தே இல்லாமல்.

"பாத்தேன் மச்சான். இப்ப 'எங்க போகுது'ன்னு உங்க அக்கா கேட்ட எடத்தப் பாரு."

கால்மாட்டுக்குப் போகிற குழலைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, அந்தத் துளைமேல் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தான். விசிறி ஓடவில்லை. அங்கே காற்றே வரக் கூடாது. காகிதம் படபடவென்று அடித்தது.

கட்டரை எடுத்தான். "அழகா இருக்கே மச்சான், பக்கத்துல வேற எடத்துல வெட்டலாமே" என்றார் மாமா. அண்ணன் தன் வெல்டின் மேலேயே வெட்டினான். உறை பிரிந்ததும் உள்ளே குழாயின் வளைவில் மயிரிழை போல ஒரு விரிசல். அதைச் சுற்றிக் கரி. அன்று கேட்ட சத்தம் இங்கிருந்து வந்தது. உறையின் ஓட்டைகள் அதை வெளியே விட்டுக்கொண்டிருந்தன, புகையோடு. இவன் வெளியே அடைத்தான், சத்தம் செத்தது, புகை முழுவதும் அக்காவின் மடிக்கு வந்தது.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கிளம்பினான். மருந்துக்கடையில் கூட்டம். வரிசையில் நின்றான். முறை வந்ததும் அக்கா தலை நிமிராமலே, "சீட்டு?" என்றாள்.

"சீட்டு இல்லக்கா."

நிமிர்ந்தாள். அவன் கையில், விரிசலோடு அறுத்தெடுத்த, கரி படிந்த குழாய்த் துண்டு. கவுன்ட்டர் மேல் வைக்கப் போனவன், வெள்ளைத் துணி விரித்திருப்பதைப் பார்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"தப்பு இதுல இருக்கு. உன் தலையில இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"வெட்டிப் பாத்துட்டேன். வெளிய இருக்குன்னு நெனச்சு அடைச்சது நான்தான். குழாய மாத்துற வரைக்கும் ஹீட்டரக் கழட்டிப் போட்டுடறேன். மாமா போர்வை எடுத்து வப்பாரு."

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள், "இது என்ன மருந்துக்கடையா, இரும்புக்கடையா?" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. அந்த விரிசலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி மேலாளரைப் பார்த்துச் சொன்னாள்: "சார், வாரக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நான் எங்கயும் போகல."

அண்ணனிடம், "நகருடா, கூட்டம் நிக்குது" என்றாள். பின்னால் நின்ற அம்மாளின் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க ஆரம்பித்தாள்.