மாலையின் முதல் டிக்கெட்

எவந்தியாவுக்கு வாய் நீளம். எங்கள் தீவில் அது ஒரு குற்றமில்லை. ஆனால் அவள் மனிதர்களைத் திட்டுவதைவிடக் கம்ப்யூட்டரைத் திட்டுவதுதான் அதிகம். அக்கரையில், பிரேயஸ் துறைமுக நகரத்தில், ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவள். நாட்டுக்கே கஷ்டகாலம் வந்தபோது வங்கி அவளை வீட்டுக்கு அனுப்பியது, அவள் பெட்டியோடு தீவுக்கே வந்துவிட்டாள். துறைமுகத்துக் கப்பல் டிக்கெட் அலுவலகத்துக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். பிறகு தண்ணீர் அலுவலகத்துக்கு, அப்புறம் தேவாலயக் கணக்குக்கு. என் காபிக்கடையின் மூலை மேசைதான் அவள் ஆபீஸ். டிக்கெட் அலுவலகம் கடைக்கு நேர் எதிரே. அதனால் நடந்தது எல்லாம் என் கண்முன்னால் நடந்தது. வேறு மாதிரி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வம்பு அந்த வசந்தத்தில் தொடங்கியது. மத்தியானம் கடையடைத்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வெயில் சாய்ந்த பிறகுதான் நாங்கள் மறுபடி கதவு திறப்போம். டிக்கெட் அலுவலகமும் அப்படியே. மாலையில் திறந்து முதல் ஆளுக்கு டிக்கெட் போட உட்கார்ந்தால், திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். கவுண்டரில் இருக்கும் ஸ்டமாட்டா தட்டிப் பார்ப்பாள், சபிப்பாள், கடைசியில் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவாள். இரண்டாவது ஆளிலிருந்து ஒரு தொல்லையும் இருக்காது.

அந்த முதல் ஆள் பெரும்பாலும் பர்பா பண்டெலிஸ். பர்பா என்றால் எங்களூரில் பெரியப்பா மாதிரி. ஆயுள் முழுக்கப் படகுகளுக்குச் சாயம் பூசிய கிழவர். அவர் மனைவி கலிரோய் பக்கத்துப் பெரிய தீவின் மருத்துவமனையில் இருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலைக் கப்பலில் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவார், முந்தின மாலையே டிக்கெட் வாங்கிவிடுவார். ஆளில்லாத வீட்டில் அவருக்கு மத்தியானத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊரே குறட்டை விடும் நேரத்தில் அலுவலகத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட ஸ்டமாட்டாவுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

"ஹரிக்லியா, அவருக்குக் கொள்ளிக்கண்ணு, கொள்ளிக்கண்ணு!" என்று என் கடைக்கு வந்து என்னிடம் கத்தினாள். "அதுவும் நீலக்கண்ணு வேற, அதுதான் ரொம்பப் பொல்லாதது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"உன் வாயடியும் படக்கூடாதுடி. போய் வேலையப் பாரு" என்றேன்.

கேட்டாளா? கண் படாமலிருக்கக் கம்ப்யூட்டர் மேல் நீலமணி கட்டினாள், பக்கத்தில் பூண்டு தொங்கவிட்டாள். பிறகு ஒருநாள், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "பர்பா, கோவிச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. வேற யாருக்காவது முதல்ல போட்டுட்டு உங்களைக் கூப்பிடுறேன்" என்றாள். கிழவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேறு ஆள் முன்னால் வந்தான். திரை உறைந்தது.

"பாத்தீங்களா? கண்ணாடி வழியா பாக்குறாரு!" என்றாள் ஸ்டமாட்டா.

எவந்தியா கண்ணேறை நம்புகிறவள் இல்லை. ஆனால் தப்பு எங்கே என்று அவளுக்கும் பிடிபடவில்லை. அலுவலகம் காலியாக இருக்கும் மத்தியான வேளையில் சாவி வாங்கிப் போய் உட்கார்ந்து, விடாமல் சோதனை டிக்கெட் போட்டுப் பார்ப்பாள். எல்லாம் ஒழுங்காக வரும். அன்று மாலை முதல் ஆளுக்கும் ஒழுங்காக வரும். "புதுப் பூண்டு மாத்தினேன்ல!" என்பாள் ஸ்டமாட்டா. எவந்தியா என் கடையில் வந்து சிகரெட்டை நசுக்கி நசுக்கி அணைப்பாள்.

பேச்சு பரவியது. காபி குடிக்க வரும் ஆண்கள் பண்டெலிஸைக் கண்டால், கண் பட்டுவிடுமோ என்று, புதுப் படகைப் பற்றிய பேச்சை நிறுத்தினார்கள். அவர் வருவதை நிறுத்திவிட்டார், பெஞ்ச் காலியானது. ஒருநாள் மத்தியானம் கடையடைக்கும் நேரத்தில் என் கடைக்குப் போன் வந்தது. கலிரோய்.

"ஹரிக்லியா, போன வாரம் பூரா அவர் வரலம்மா. வீட்டுல போன் எடுக்க மாட்டேங்குறார். செத்துகித்துப் போயிட்டாரா? மறைக்காம சொல்லு."

நேரே மூலை மேசைக்குப் போய் எவந்தியாவிடம் அப்படியே சொன்னேன். எவந்தியா முகம் வெளுத்துவிட்டது. "அவருக்கு இந்தப் பேரை வாங்கிக் குடுத்தது ஸ்டமாட்டா இல்ல. என் புரோகிராம்" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு எதிரே போனாள்.

சாப்பிடாமல் போகிறாளே என்று, அரிசி அடைத்து வேகவைத்த தக்காளி ஒரு தட்டு நிறையக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு ஆள் சாப்பாடு. அத்தனையும் தின்றுவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்தாள். என்னதான் பிரேயஸில் இருந்து வந்தாலும் வயிறு நிறைந்தால் தீவுக்காரிதான். கதவு திறக்கும் நேரம் நெருங்கியபோது நான் காபியோடு போய் உலுக்கினேன். கன்னத்தில் சட்டைக்கை மடிப்பின் தடத்தோடு எழுந்தவள், கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒரு சோதனை டிக்கெட் போட்டாள்.

திரை உறைந்தது.

பண்டெலிஸ் இல்லை. ஸ்டமாட்டா இல்லை. நானும் அவளும்தான்.

"இப்ப யாரு கண்ணு வெச்சது? நீயா?" என்று கேட்டு, பைத்தியம் பிடித்தவள்போல் சிரிக்க ஆரம்பித்தாள். "அடக் கடவுளே, நான் தூங்கினேன். அதுவும் தூங்கிருச்சு!"

கப்பல் கம்பெனியின் பிரேயஸ் தலைமை அலுவலகத்துக்கு அப்போதே போன் போட்டாள். அந்தப் பக்கத்து ஆள் சாவகாசமாக, "ஆமா, வசந்தத்துல புதுக் காவல் பெட்டி ஒண்ணு வெச்சோம். யாரும் உங்களுக்குச் சொல்லலையா?" என்றான். அவள் அவனிடம் சொன்னதை நான் எழுத முடியாது.

பிறகு எனக்கு விளக்கினாள். எல்லாக் கப்பலின் இடங்களும் பிரேயஸில் இருக்கும் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. காலையில் புரோகிராம் அங்கே ஓர் இணைப்பைத் திறந்தால், மாலைவரை அதையே வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் புதிதாகத் திறந்தால் நேரமாகும். வெளியாட்கள் நுழையாமல் காக்க நடுவில் நிற்கும் புதுக் காவல் பெட்டியோ, ஒரு மணி நேரம் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும் இணைப்பை வெட்டிவிடும். இரண்டு பக்கத்துக்கும் சொல்லாது.

"நம்ம புரோகிராம் செத்த போனைக் காதுல வெச்சுக்கிட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கு" என்றாள். "ஸ்டமாட்டா அணைச்சுப் போட்டா புது இணைப்பு. ராத்திரி தினம் அணைக்குறதால காலையில தொல்லையில்ல. நான் மத்தியானம் பூரா உக்காந்து நோண்டினேன் பாரு, அதுவே அதை முழிக்க வெச்சிருந்துச்சு. நான் பாக்குறப்ப நோயே இல்ல!"

"பிரேயஸ் ஆபீஸ்ல இந்தத் தொல்லை ஏன் வரல?" என்றேன்.

"அங்க எவன் மத்தியானம் தூங்குறான்?"

மருந்து சின்னதுதான். சும்மா கிடக்கும் இணைப்பைப் பெட்டி வெட்டுவதற்கு முன்பே புரோகிராம் தானாக மூடிவிட வேண்டும். எந்த இணைப்பை எடுத்தாலும் முதலில் "இருக்கிறாயா?" என்று ஒரு சின்னக் கேள்வி. சில நொடிகளில் பதில் இல்லையென்றால், காத்துக் கிடக்காமல் புதிதாக ஒன்று. அடுத்த மத்தியானம் யாரையும் தொடவிடாமல் கதவைப் பூட்டினாள். மாலையில் சோதனை டிக்கெட் போட்டாள். வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

இருவரும் பண்டெலிஸ் வீட்டுக்குப் போனோம். கதவை ஒரு கீற்றளவு திறந்து, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எவந்தியா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப கலிரோய்க்கு வந்தது?" என்றார்.

"என்ன பர்பா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அவளையேதாம்மா பாத்துக்கிட்டிருக்கேன். என் கண்ணு பட்டுத்தான் அவ விழுந்தாளோன்னு... அதான் போகல. போனா இன்னும் முடியாமப் போயிடுமோன்னு."

நான் அழுதுவிட்டேன். எவந்தியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தனை வருஷம் நீங்க பாத்துக்கிட்டே இருந்தப்ப அவங்க நல்லாத்தானே இருந்தாங்க பர்பா? இப்ப நீங்க பாக்கப் போகலன்னுதான் போன்ல அழறாங்க."

அன்று மாலை கதவு திறந்தபோது பண்டெலிஸ் முதலில் நின்றார். பின்னால் நல்ல கூட்டம். நானே கடைகடையாகப் போய்க் கூட்டியிருந்தேன். ஸ்டமாட்டாவின் கை நீலமணியைத் தேடியது.

"பர்பா, திரையை நல்லா உத்துப் பாருங்க. கண் சிமிட்டாதீங்க" என்றாள் எவந்தியா.

கிழவர் இரண்டு நீலக் கண்களையும் விரித்துப் பார்த்தார். டிக்கெட் கடகடவென்று வெளியே வந்தது. ஸ்டமாட்டா முகம் சிவக்க எழுந்தாள். "மன்னிச்சுடுங்க பர்பா" என்றவள், பழக்கதோஷத்தில் தூ தூ தூ என்று மூன்று முறை துப்பினாள். "உங்களுக்கு யார் கண்ணும் பட்டுடக் கூடாது."

அவர் டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஹரிக்லியா, கலிரோய்க்குப் போன் போடும்மா. நாளைக்கு வர்றேன்னு சொல்லு. வந்து கண் நிறையப் பாக்குறேன்னு சொல்லு."